சுத்தமான உடை

எங்கள் ஊர்க்காரரான நண்பர் ஒருவர், சபைக் கமிட்டியில் இருக்கிறவர், எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆலயத்துக்கு வருகிறவர்கள் எப்படி உடுத்தி வரவேண்டும் என்று வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பெண்கள் சேலை கட்டி வரவேண்டும். சுரிதார் என்றால் துப்பட்டா கட்டாயம். ஆண்களுக்குக் கைலியும் அரைக்கால் சட்டையும் கூடாது. எல்லாருமே 'சுத்தமான, ஆராதனைக்கேற்ற உடையில்' வரவேண்டும். 'நீங்கள் எழுதுவதை நாலு பேர் படிக்கிறார்கள், இதை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதக்கூடாதா?' என்று கேட்கிறார். எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்ட கட்டுரையாக இது இராது.

அந்தப் பலகையை நானும் பார்த்திருக்கிறேன். அது வேலை செய்ததையும் பார்த்திருக்கிறேன்.

போடியில் ஏல எடுப்புக் காலம் என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆடி, ஆவணியில் ஆரம்பித்துத் தை வரையில் மலையில் காய் எடுப்பு நடக்கும். ஒரே மூச்சில் எடுத்து முடிக்கிற பயிர் அல்ல அது. செடியின் அடியில் மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் சரங்களில், முற்றின காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். முப்பது நாற்பது நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வரவேண்டும். முதுகு நிமிராத வேலை. இருட்டோடு எழுந்து, சோறு பொங்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போடிமெட்டு வளைவுகளைக் கடந்து தோட்டங்களுக்குப் போகிற பெண்களை எங்கள் ஊரில் பார்க்காதவர் இல்லை. சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு, மழை என்றால் சாக்குக் கொங்காணி. சட்டை அழகுக்கல்ல; அட்டைக்கும் பூச்சிமருந்துக்கும் பயந்து போடுவது. எடுப்பு மும்முரத்தில் சில தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு.

அப்படி ஒரு ஞாயிறு மாலை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, சட்டையும் தலைத்துண்டுமாக, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. வாசலில் நின்ற பெரியவர் மறித்துக்கொண்டார்.

"ஏம்மா, இப்படியேவா உள்ள வர்றது? பலகையைப் பாக்கலையா?"

"ஜீப்பு இப்பத்தான் இறக்கி விட்டுச்சுய்யா. வீட்டுக்குப் போயிட்டு வந்தா ஆராதனை முடிஞ்சிரும்."

"அப்ப வராந்தாவுல நின்னுக்க. தலைத்துண்டையாவது எடு."

அவள் துண்டை எடுத்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காணிக்கைக் கவரையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கவர் உள்ளே போயிற்று. சற்று நேரத்தில் ஐயர் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசித்தார். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக 200 ரூபாய் என்று அவள் பெயரையும் வாசித்து ஜெபித்தார். சபை முழுவதும் ஆமென் சொல்லிற்று. அவள் வராந்தாத் தூணருகில் நின்று சொன்னாள்.

நான் எழுந்துபோய் அவளை அழைத்து வந்து என் பக்கத்தில் உட்காரவைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. என் சட்டை அன்று இஸ்திரி போட்டதாக இருந்தது.

நண்பருடைய காரணங்களைப் பார்ப்போம். 'கலெக்டரைப் பார்க்கக் கைலியோடு போவீர்களா?' என்கிறார். போகமாட்டேன்; வெளியே நிறுத்திவிடுவார்கள் என்ற பயந்தான். ஆண்டவரையும் ஒரு கலெக்டராக்கிவிடுவது நண்பருக்குச் சம்மதமா என்று கேட்கிறேன். 'கலியாண வஸ்திரம் இல்லாதவனை ராஜா வெளியே தள்ளச் சொன்னாரே' என்றும் எழுதியிருக்கிறார். அந்த உவமையில் விருந்துக்கு வந்தவர்கள் யார்? வழியில் கண்டவர்களையெல்லாம் அழைத்து வந்தார்கள். தெருவில் போகிறவனைக் கூட்டி வந்துவிட்டு, பட்டு எங்கே என்று ஒருவன் கேட்பானா? வஸ்திரத்தையும் விருந்து வைத்தவனே கொடுத்திருப்பான் என்று சில வியாக்கியானக்காரர்கள் சொல்வது அதனால்தான். நம் கமிட்டி எத்தனை சேலை வாங்கி வைத்திருக்கிறது?

வேதத்தை எடுத்தால் முழுவதும் எடுக்கவேண்டும். பெண்கள் முக்காடிட்டு ஜெபிக்க வேண்டுமென்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினார். அன்று மாலை எங்கள் ஆலயத்துக்கு அந்த விதிப்படி வந்தவள் அவள். அவளைத்தான் துண்டை எடுக்கச் சொன்னார்கள்! தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பொன்னையும் முத்தையும் விலையுயர்ந்த வஸ்திரத்தையும் அவர் பெயர் சொல்லியே விலக்குகிறார். பேதுருவும் அப்படியே. பலகையில் பொன்னைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் உயர்ந்த ரகக் காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் முன்வரிசைக் கழுத்துகளை நான் பார்த்தேன். ஒருவரையும் வராந்தாவில் நிறுத்தவில்லை. காய் வாசனை கல்லாப்பெட்டியிலிருந்து வந்தால் மணம், சட்டையிலிருந்து வந்தால் நாற்றம் போலிருக்கிறது. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தல்காரனுக்குக் காலடியும் காட்டுகிற சபையைப் பற்றி யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை நண்பர் வீட்டில் உட்கார்ந்து ஒருதரம் படிக்கட்டும்.

'இந்துக் கோயில்களுக்கே கோர்ட்டு உத்தரவு போட்டதே' என்பது அவருடைய இன்னொரு வாதம். 2015 நவம்பரில் மதுரை ஹைகோர்ட்டுக் கிளையில் ஒரு நீதிபதி அப்படி உத்தரவிட்டதும், 2016 புத்தாண்டு முதல் அது அமலுக்கு வந்ததும் உண்மை. அந்த ஜனவரியிலேயே மேல்முறையீட்டில் அது நிறுத்தி வைக்கப்பட்டதும் உண்மை. பாதியை மட்டும் சொல்வது நியாயமல்ல.

உடையைப் பற்றி நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் போட்ட சண்டை கொஞ்சமா? 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பாதிரியார் கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற வழக்கு ரோமாபுரிவரை போய், 1623-ல் பதினைந்தாம் கிரகோரி போப் ஆகும் என்றார். இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து, வேறு சபைத் துரைமார் சிலர் குடுமியை அறுத்தால்தான் ஆயிற்று என்று நின்றார்கள். குடுமியில் அஞ்ஞானம் ஒன்றுமில்லை என்று கால்டுவெல் ஐயர் 1867-ல் ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. இன்று இதெல்லாம் சிரிப்பாக இருக்கிறது.

சிரிக்க முடியாத சண்டை ஒன்றும் உண்டு. போடிமெட்டைத் தாண்டினால் அக்காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். அந்த ராஜ்யத்தின் தென்கோடியில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்பது ஜாதிச் சட்டம். கிறிஸ்தவர்களான பெண்கள் மறைத்தார்கள். கடைத்தெருவில் வைத்து அவர்கள் துணியைக் கிழித்தார்கள். 1822-ல் கலகம், 1829-ல் குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது என்று ஒரு பிரகடனம், 1858, 59-ல் மறுபடி கலகம். 1859 ஜூலை 26-ல்தான் உடுத்திக்கொள்ளலாமென்று மகாராஜா ஒப்புக்கொண்டார். அப்போதும், மேல்ஜாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் கூடாதாம்! மேலே ஒரு சட்டை போட்டதற்காக அடிபட்ட பெண்களின் சபை வரலாறு நம்முடையது. அந்தச் சபைதான் இன்று சட்டை போட்டுக்கொண்டு வந்தவளை வெளியே நிறுத்துகிறது.

நண்பருக்கு உள்ளூர இருக்கிற பயம் ஏலத்தோட்டப் பெண்ணைப் பற்றியதல்ல, எனக்குத் தெரியும். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் படித்துவிட்டு விடுமுறைக்கு ஜீன்ஸில் வரும் பெண்களை நினைத்துத்தான் பலகை எழுதப்பட்டது. அந்தப் பெண்கள் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். அவர்கள் தகப்பனார்களும் கமிட்டியில் இருக்கிறார்கள். கன்றுக்குப் போட்ட வேலியில் கிழப்பசு மாட்டிக்கொண்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அழுக்குச் சட்டையோடு ஆலயத்துக்கு வர அந்தப் பெண்களுக்கும் பிரியமில்லை. என் தாயாரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு வெள்ளைச் சேலை இருந்தது. டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பாள். ஆறு நாளும் கங்காணி சொன்ன நிரையில் குனிந்து நின்றவள், ஏழாம் நாள் தன் இஷ்டப்படி உடுத்திக்கொண்ட உடை அது. யாரும் பலகை மாட்டி அவளைக் கட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சேலையும் இன்னொரு கங்காணியின் உத்தரவாகப் போயிருக்கும்.

ஆகையால் கமிட்டிக்கு என் விண்ணப்பம் இதுதான். பலகையைக் கழற்றிவிடுங்கள். எடுப்பு முடியும்வரை, ஞாயிறு மாலை ஆராதனையை ஆறு மணியிலிருந்து ஏழரைக்குத் தள்ளி வையுங்கள்; ஜீப்பிலிருந்து இறங்குகிறவள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர அவகாசம் இருக்கும். வளைவில் வண்டி நின்று அப்படியும் நேரமாகிவிட்டவளுக்கு, கால் கழுவ வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய் போடுங்கள். குழாய்ச் செலவு என்னுடையது.