செய்திக்காக உயிர் நீத்தவர்கள்

சத்தீஸ்கர் மாநிலம் பீஜப்பூரில், 2025 ஜனவரி 3ந் தேதி, ஒரு கழிவுநீர்த் தொட்டியிலிருந்து முகேஷ் சந்திராகர் என்ற இளம் நிருபரின் உடல் எடுக்கப்பட்டது. புத்தாண்டு தினத்தன்று காணாமற் போனவர் அவர். பஸ்தார் பகுதியில் போடப்பட்ட ஒரு சாலையின் மோசமான தரத்தை அம்பலப்படுத்திய செய்தியில் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு சாலைக் காண்டிராக்டர் மீது போலீசார் கொலைக் குற்றம் சாட்டினர்.

2021ல் நக்சலைட்டுகள் பிடித்து வைத்திருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர் ஒருவரை மீட்டு வரக் காட்டுக்குள் சென்ற நிருபர்களில் முகேஷும் ஒருவர். துப்பாக்கிகளுக்கு நடுவே போய்த் திரும்பியவர், சொந்த ஊரில் பிணமானார்.

பஸ்தாருக்கு இது புதிதல்ல. 2013 பிப்ரவரியில் நேமிசந்த் ஜெயின் என்ற நிருபரைப் போலீஸ் உளவாளி என்று கூறி நக்சலைட்டுகள் கொன்றனர். அதே ஆண்டு டிசம்பரில் சாய் ரெட்டியும் அவர்கள் கையால் மடிந்தார். இந்த சாய் ரெட்டியைத்தான், நக்சலைட்டுகளுக்கு உதவியவர் என்று கூறி, 2008ல் போலீசார் கைது செய்திருந்தனர்! 2018 அக்டோபர் 30ந் தேதி, தேர்தல் செய்தி சேகரிக்கச் சென்ற தூர்தர்ஷன் காமிராமேன் அச்சுதானந்த சாஹு, தண்டேவாடா காட்டில் நக்சலைட்டுகளின் குண்டுகளுக்கு இரையானார்.

இரு தரப்பையும் கேட்டு எழுதுகிறவனை இரு தரப்புமே சந்தேகிக்கிறது. தலைநகரிலிருந்து வரும் நிருபர் வேலை முடிந்ததும் ரயிலேறி விடலாம். உள்ளூர் நிருபர் எங்கே போவார்? அவர் வீடு அங்கே. பிள்ளைகள் படிப்பது அங்கே. இத்தகையோரில் பலருக்கு நியமன உத்தரவு கிடையாது. மாதச் சம்பளம் கிடையாது. அனுப்பும் செய்திக்குத்தான் காசு. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, காண்டிராக்டரிடம் தினக்கூலிக்கு உழைக்கும் தமிழருக்கு இந்த நிலையை விளக்கத் தேவையில்லை.

பத்திரிகையாளர் பாதுகாப்புக்கென்று சத்தீஸ்கர் சட்டசபை 2023 மார்ச்சில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு முடிவதற்குள் முகேஷ் கொல்லப்பட்டார். ஏட்டில் எழுதிய பாதுகாப்பு எவரையும் காப்பாற்றாது. மிரட்டல் வந்ததாக நிருபர் புகார் கொடுத்தால், அன்றே நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். கொலை வழக்குகள் ஆண்டுக் கணக்கில் இழுபடக் கூடாது.

பத்திரிகை முதலாளிகளுக்கும் பொறுப்பு உண்டு. ஆபத்தான இடத்துச் செய்தியை வாங்கிப் பிரசுரிக்கிறவர்கள், அதை அனுப்புகிறவருக்கு நியமன உத்தரவும் இன்ஷூரன்சும் தர வேண்டும். அவர் இறந்தால் குடும்பத்தைக் கைவிடக் கூடாது.

இறந்தவர் படத்துக்கு மாலை போடுவது எளிது. அடுத்த நிருபர் காட்டுக்குள் போய் உயிரோடு திரும்ப வழி செய்வதே உண்மையான அஞ்சலி.