வாகனக் கதவும் வினைல் எழுத்தும்

1976-இல் அமைந்த காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் செல்லும் வேன்களை நோக்குவோமாயின் ஒன்று புலனாகும். கதவின் சமதளத்தில் ஒட்டிய வினைல் எழுத்துக்கள் செவ்வையாய் நிற்க, கைப்பிடியருகேயுள்ள குழிவில் ஒட்டியவை பல சுருங்கி விளிம்பு தூக்கியிருக்கின்றன. திருச்சி வெயிலே இதற்குக் காரணம் என்பர். வெயிலைப் பழித்தல் எளிது. அது மறுமொழி கூறாதன்றோ! நாம் அவ்வாறு கருதவில்லை.

வினைல் தாள் இருவகைப்படும். உருளைகளிடையே அழுத்தி இழுத்துச் செய்வது ஒன்று. குழம்பாய் வார்த்து உலர்த்துவது மற்றொன்று. முன்னது விலை குறைவு. ஆயினும் இழுத்த இழுப்பை மறவாது, சூடு கண்டதும் பழைய அளவுக்கு மீள முயலும். பின்னது மெல்லியது, வளைவுக்கு இணங்குவது. அதனையும் விறைப்பாய் இழுத்து ஒட்டலாகாது. இளஞ்சூடு காட்டித் தளர்த்தி, குழிவினுள் படியவிட்டு, இறுதியில் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் சூடு காட்டினாலன்றி அது நிலைபெறாது.

மலிந்த தாளைத் தேர்ந்து, ஒரு மணி நேரத்தில் வேலையை முடிக்கச் சொல்லும் உரிமையாளர், பின்னர் தொழிலாளியைக் கடிதல் நியாயமா? தூரிகை பிடித்த பழைய ஓவியர் கதவைத் தடவிப் பார்த்தே எழுத்துக்கு இடங்குறிப்பார். இன்றோ கதவைக் காணாமலே கணினியில் எழுத்து அமைகிறது. நம் கல்லூரி வாகனத்திற்கேனும் முதலில் கதவை அளப்பார்களாக. பெயர் சமதளத்தில் நிற்கட்டும். குழிவுக்கு வெறும் வண்ணம் போதும்.