கழற்ற முடியாத ஓஸ்... ரெஞ்சை எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. புழங்குவது போர்வெல் தண்ணீர். மெஷினுக்கான குழாய் மூடினாலும் சொட்டுகிறது. குழாயை மாற்றலாம் என்றால் ஓஸின் நட்டு அசையவே இல்லை. மகன் ரெஞ்ச் போட்டுத் திருகியபோது சுவரிலிருந்த குழாயே ஆடியதால், பயந்து விட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம்?

விட்டது நல்லது. போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, மரையில் படிந்து இறுகியிருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் சொட்டுவான்களை அடைக்கும் அதே வெள்ளைப் படிவுதான். பலத்தைக் காட்டினால் குழாய் உடையும். புளிப்பைக் காட்டினால் படிவு இளகும்.

முதலில் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூட வேண்டும். பக்கத்துக் குழாயைத் திறந்து மீதித் தண்ணீரை வடிக்க வேண்டும். பழைய துணியை வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றில் நனைத்து, நட்டைச் சுற்றி இரவு முழுக்கக் கட்டி வைக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்ய வாங்கிய அமிலத்தை இங்கே ஊற்றக் கூடாது. அது பித்தளையை அரிக்கும், கையையும் பொசுக்கும்.

காலையில் ஒரு ஸ்பேனரால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டை மட்டும் திருக வேண்டும். ஓஸ் பக்கமிருந்து பார்க்கும்போது, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும்.

அப்போதும் வரவில்லையா? ஓஸின் மறுமுனையை மெஷினிலிருந்து கையால் கழற்றிவிட்டு, சொட்டும் குழாயை ஓஸோடு சேர்த்தே சுவரிலிருந்து கழற்றிவிடலாம். எப்படியும் மாற்ற வேண்டிய குழாய்தானே! கூடுதல் செலவு புது ஓஸ் மட்டும்தான். ஆனால், திருகும்போது சுவருக்குள் இருக்கும் பைப்பும் சேர்ந்து சுற்றுவதுபோல் தெரிந்தால், அத்தோடு நிறுத்திவிட்டு பிளம்பரை அழைப்பதே நல்லது. உள்ளே எல்போ உடைந்தால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.

புதுக் குழாயில் சுவருக்குள் போகும் மரைக்கு மட்டும் டெஃப்லான் டேப்பை, குழாய் இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். ஓஸ் மாட்டும் பக்கத்துக்கு டேப் தேவையில்லை. அங்கே கசிவை நிறுத்துவது நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கினால் போதும். பிறகு வால்வைத் திறந்து, இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஈரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓஸைக் கழற்றி, மெஷினின் தண்ணீர் நுழையும் வாயிலுள்ள சிறு வலையையும் கழுவி மாட்டினால் நட்டு இறுகாது. துணி துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிட வேண்டும். திறந்தே இருந்தால் ஓஸில் எந்நேரமும் தண்ணீர் அழுத்தம் இருக்கும். இரவில் ஓஸ் வெடித்தால், மோட்டார் ஓட்டி ஏற்றிய ஒரு தொட்டித் தண்ணீரும் விடிவதற்குள் வீட்டுக்குள் ஓடிவிடும்.