இன்று இரவு 9.30க்கு கரன்ட் கட்!

'உங்கள் கடந்த மாத பில் அப்டேட் ஆகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்' என்கிற ரீதியில் ஓர் எஸ்.எம்.எஸ். கீழே ஒரு செல்போன் எண். 2022 வாக்கில் தமிழ்நாட்டில் பலருடைய போனுக்கும் வந்த இந்த மிரட்டல், சின்னச் சின்ன மாற்றங்களோடு இப்போதும் தலைகாட்டுகிறது.

ஆவடியில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக்கு இது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். வெளியே மழை, காலையிலிருந்தே கரன்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. அவர் அந்த எண்ணுக்குப் போன் போடுகிறார். "பயப்படாதீங்க சார், பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, சிஸ்டத்துல அப்டேட் ஆயிடும்" என்கிறது ஒரு பணிவான குரல். அதற்கு ஓர் ஆப் இறக்கச் சொல்கிறது. அந்தப் பத்து ரூபாய் அவர்களுக்குத் தேவையே இல்லை. அந்த ஆப், இவருடைய போன் திரையை அவர்களுக்கு அப்படியே காட்டும். வருகிற ஓ.டி.பி.யும் தட்டுகிற எண்களும் அங்கே தெரியும். இப்படித் திரையைப் பகிரும் ஆப்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது.

இந்த மெசேஜில் ஒரு ஓட்டை உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே? 'கடந்த மாத பில்' எங்கிருந்து வந்தது? வேறு மாநிலங்களுக்கு அனுப்பியதையே இங்கும் அனுப்புகிறார்கள்.

ஒரு சிக்கலும் இருக்கிறது. மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை எண்ணான 94987 94987 என்பதும் பார்க்க சாதாரண செல்போன் எண் மாதிரியேதான் இருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்து அசலா போலியா என்று கண்டுபிடிக்க முயலாமல், மெசேஜில் வந்த எண்ணை விட்டுவிட்டு நீங்கள் குறித்துவைத்திருக்கும் எண்ணுக்குப் பேசுவதுதான் சரி.

சரி, பணம் போயே போய்விட்டது. அடுத்து?

பெரும்பாலும் அடுத்து நடப்பது எதுவுமில்லை என்பதுதான் கொடுமை. 'பையனுக்குத் தெரிந்தால் திட்டுவானே', 'மருமகள் என்ன நினைப்பாள்' என்று பெரியவர் வாயைத் திறக்க மாட்டார். இரவு சாப்பாடும் இறங்காது. மறுநாள் மத்தியானம்தான் விஷயம் வெளியே வரும். அதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுக்கப்பட்டிருக்கலாம்.

1930 என்ற எண் இதைத் தடுப்பதற்காகத்தான் இருக்கிறது. மத்திய உள்துறை அமைச்சகம் 2021-ல் தொடங்கிய ஏற்பாடு இது. நீங்கள் சொல்லும் பரிவர்த்தனை எண், நேரம், தொகை ஆகியவை பணம் போய்ச்சேர்ந்த வங்கிக்கு உடனே போகும். அந்தக் கணக்கில் பணம் மிச்சமிருந்தால் அங்கேயே நிறுத்திவைப்பார்கள். ஏற்கெனவே தாண்டியிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். பணத்துக்கும் புகாருக்கும் நடக்கிற ஓட்டப்பந்தயம்தான். பத்து நிமிடமும் பெரிய வித்தியாசம்.

உங்கள் வங்கிக்கும் அதே கையோடு சொல்லிவிட வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு விதிப்படி, ரகசிய எண்ணை நீங்களே கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போன பணம் உங்கள் தலையில். சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு.

நேரில் புகார் கொடுக்க அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்கள் சிலர் இப்போதும் வேப்பேரிக்குக் கிளம்புகிறார்கள். 2022 ஜனவரி 1 முதல் இந்தப் பகுதிகள் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வந்துவிட்டன. அங்கேயே சைபர் கிரைம் பிரிவு இருக்கிறது. ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் 1930.

வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகையிலும் கண் வேண்டும். படமாகவோ பி.டி.எஃப்.பாகவோ வந்தால் பிரச்னையில்லை. ஃபைல் பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருந்தால் அது பத்திரிகையல்ல, ஓர் ஆப். அனுப்பியது சொந்தச் சித்தப்பா நம்பராகவே இருந்தாலும் தொடாதீர்கள். அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம். வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால் கட் பண்ணிவிடலாம். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

திருவள்ளூர் மார்க்கமாகப் போகும் மின்சார ரயிலில் வாசல் ஓரம் நின்று போன் பார்ப்பவர்களுக்கு வேறு ஆபத்து. பிடுங்கப்பட்டால் முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். பிறகு போலீஸ் புகார் நகலோடு, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனையே முடக்கலாம். அதற்கு ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். *#06# அழுத்தினால் திரையில் வரும் பதினைந்து இலக்கம் அதுதான். போன் கையில் இருக்கும்போதே அதையும் 1930-ஐயும் மின்கட்டண அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்துவிடுங்கள்.