காந்தத்தின் அனாமத்துக் கணக்கு

ஃப்ரஸ்ட்ரேஷன் என்றால் மாணவர்களுக்கு செமஸ்டர் ரிசல்ட்தான் ஞாபகம் வரும். அணுக்களுக்கும் அது உண்டு என்கிறது இயற்பியல்!

ஆரணிப் பட்டுத் தறியை நினைத்துக் கொள்ளுங்கள். சாதா நெசவில் ஓரிடத்தில் பாவு மேலே வந்தால் அடுத்த இடத்தில் ஊடை மேலே வரும. சதுரக் கட்டத்தில் இந்த ஒழுங்கு எத்தனை முழத்துக்கும் தடையில்லாமல் ஓடும். இப்போது மூன்று புள்ளிகளை முக்கோணமாக வைத்து, ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் எதிராக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று மேல், ஒன்று கீழ்... மூன்றாவது? எப்படி வைத்தாலும் விதி மீறும். காந்த அணுக்கள் இப்படித் தவிப்பதைத்தான் ஃப்ரஸ்ட்ரேஷன் என்கிறார்கள்.

காடோலினியம் என்ற அருமண் தனிமம் பல்லேடியத்தோடும் சிலிக்கானோடும் சேர்ந்த ஒரு படிகத்தில் காடோலினிய அணுக்கள் முக்கோண வலையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மைனஸ் 252 டிகிரி செல்சியஸ் அளவில்தான் அவற்றின் காந்தத்தில் ஒழுங்கு வருகிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஈ.வி. சம்பத்குமாரன் குழு 1990களில் இதை ஆராய்ந்தது. ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அளந்தபோது ஹால் விளைவில், அதாவது காந்தப்புலத்தில் மின்சாரம் ஓடும்போது குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்தில், ஒரு விசித்திரம் தெரிந்தது. அன்று அதற்குச் சரியான விளக்கம் இல்லை. ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புரியும். இருப்பாய்வு பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் எழுதி வைப்பார்கள். காரணம் தெரிந்த பிறகு நேர் செய்வார்கள்.

இந்தக் கணக்கு நேராக 20 வருடம் ஆனது. 2019-ல் ஜப்பானியக் குழு ஒன்று 'சயின்ஸ்' இதழில், அதே படிகத்தில் காந்தத் திசைகள் சில நானோமீட்டர் அளவுக்குக் குட்டிச் சுழல்களாக அமைகின்றன என்று அறிவித்தது. ஸ்கிர்மியான் என்று பெயர். அந்தப் பழைய அளவீட்டை சம்பத்குமாரன் அதே ஆண்டு நினைவுபடுத்தினார்.

இவ்வளவு குளிரில் மட்டும் நடப்பதைக் கடையில் விற்க முடியாதுதான். ஆனால் தகவல் சேமிப்புக்கு ஸ்கிர்மியான்கள் உதவுமா என்று உலகெங்கும் ஆராய்கிறார்கள். "இதனால் என்ன லாபம்?" என்று முதல் வருடமே கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் அந்தப் பதிவே இருந்திருக்காது.

லாபம் பார்ப்பது தவறில்லை. ஆனால் அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதில்லை. என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே?