கைவிடப்பட்ட கருவி

பிரேசில் நாட்டின் கொயானியா நகரிலே, புற்றுநோய்ச் சிகிச்சை நிலையமொன்று 1985ஆம் ஆண்டளவில் வேறிடம் பெயர்ந்தபோது, சீசியம்-137 அடங்கிய கருவியை அதிகாரிகளுக்கு அறிவியாது கைவிட்டுச் சென்றது. 1987 செப்டெம்பரில் இருவர் அதனைப் பழைய இரும்பென எண்ணிக் கழற்றி விற்றனர். உள்ளிருந்த தூள் இருளில் நீலமாய் ஒளிர்ந்தது. அழகிய பொருளன்றோ! உறவினரும் அயலவரும் பகிர்ந்துகொண்டனர். ஆறு வயதுச் சிறுமியொருத்தி அது பட்ட கையாலேயே உணவுண்டாள். அவளோடு நால்வர் மாண்டனர். ஏறத்தாழ 112,000 பேரைப் பரிசோதிக்க நேர்ந்தது.

அம்மக்களை அறிவிலிகள் எனப் பழிப்பதை யாம் ஒப்போம். நோய்க்கு அப்பொருளே காரணமென முதலில் ஐயுற்று, அதனைச் சுகாதார அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றவர் பழைய இரும்பு வியாபாரியின் மனைவியே. மாண்டோருள் அவரும் ஒருவர்.

அநுமதிப்பத்திரம் வழங்குவதோடு அரசின் கடன் தீர்ந்துவிடாது. நிலையம் மூடினும் பெயரினும், பொருள் பத்திரமாய் ஒப்படைக்கப்படும் நாள்வரை சட்டம் அதனைத் தொடர்தல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்பாருமுளர். எச்சரிக்கைக் குறியும் ஓர் எழுத்தே; அதனைக் கல்லாதார்க்கு மூவிதழ்க் குறி வெறும் பூவாகவே தோன்றும். மண்டையோடும் தப்பியோடும் மனிதனும் தீட்டிய புதிய குறியைச் சர்வதேச அணுசக்தி முகவரகம் வெளியிட்டது 2007இலேதான்.