நரி முகத்தில் முழிப்பது இனி கஷ்டமா? முத்துப்பேட்டை நரிகளுக்கு என்ன சிக்கல்?

எதிர்பாராமல் ஒரு நல்லது நடந்தால், ‘இன்னிக்கு நரி முகத்துல முழிச்சியா?’ என்று கேட்போம். ஆனால், நரிக்கே இப்போது நேரம் சரியில்லை.

எது இந்த நரி?

நம்ம ஊரில் நரி என்று சொல்வது பெரும்பாலும் ஆங்கிலத்தில் ‘ஃபாக்ஸ்’ அல்ல, ‘கோல்டன் ஜாக்கல்’. ஓநாய், நாய்க்கெல்லாம் சொந்தக்காரன். எடை சுமார் 10 கிலோதான். ஆணும் பெண்ணும் ஜோடியாகவே வாழும். முந்தைய ஈற்றுக் குட்டிகள் சில கூடவே தங்கி, தம்பி தங்கைகளை வளர்க்க உதவும். திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு இதற்கு நல்ல புகலிடம். நண்டு, எலி, பழம், செத்த விலங்கு என்று எது கிடைத்தாலும் சாப்பிட்டுக்கொள்ளும்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

முதலாவது, ‘நரிக்கொம்பு’. வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று ஆன்லைனில்கூட விற்கிறார்கள். உண்மையில் நரிக்குக் கொம்பே கிடையாது. தோலையும் முடியையும் உருட்டி ஏமாற்றும் வேலை இது. இரண்டாவது, வேட்டை. 2020 ஜூனில் திருச்சி ஜீயபுரம் பகுதியில் இறைச்சிக்குள் வெடி வைத்து ஒரு நரியைக் கொன்றதாக 12 பேர் கைதானார்கள். மூன்றாவது, தெருநாய்களிடமிருந்து பரவும் ரேபிஸ் போன்ற நோய்கள். இதோடு 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயல், அலையாத்திக் காட்டையே புரட்டிப்போட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம், 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. அதன்படி நரி இப்போது புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றாலோ, உடல் பாகங்களை விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ‘சும்மா ராசிக்கு வாங்கினேன்’ என்ற சமாதானம் எடுபடாது.

நமக்கு ஏன் இது முக்கியம்?

டெல்டாவில் சம்பாவோ குறுவையோ, விவசாயிக்கு எலி பெரிய தலைவலி. காசு வாங்காமல் எலி பிடிக்கும் ஆள் நரி. எலிக்கு வைக்கும் விஷம், செத்த எலி வழியாக நரி வயிற்றுக்கும் போகும். அப்படி நரி செத்தால், அடுத்த போகத்தில் எலிக்குத்தான் கொண்டாட்டம். அதே நேரம், நரி ஆடு, கோழியைத் தூக்கும் என்பதும் உண்மை. அதற்குத் தீர்வு வெடி அல்ல. ராத்திரியில் பட்டியையும் கூண்டையும் ஒழுங்காக அடைப்பதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

நரிக்கொம்பு விளம்பரம் கண்ணில் பட்டால் ஷேர் செய்யாமல், வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். குட்டியைப் பார்த்தால் தூக்கி வந்து வளர்க்க வேண்டாம். தாய் பக்கத்திலேயே இருக்கலாம். நரி கடித்தால் காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டமோ இல்லையோ, முழிக்க முதலில் நரி இருக்கணும்!